ரோமன் என்றொரு பேர்

ருமேனியா
2023 ஜனவரி 15

அன்புள்ள பெற்றீசியா அக்காவுக்கு,

தம்பி ஜூட்சன் எழுதுவது. நீங்கள் போனை எடுக்கப் போவதில்லை என்று தெரிந்துவிட்டது. வாட்ஸ்அப்பிலும் என்னை அடைத்து வைத்துவிட்டீர்கள். கடிதத்தை அப்படி அடைக்க முடியாதே! அது தோட்டத்து ஆபீசுக்கு வரும். கந்தப்பன் கங்காணி காலையில் பெரட்டுக்களத்தில் கூடி நிற்கும் தேயிலைக் கொழுந்துக்காரர்களைப் பேர் கூப்பிடும்போது உங்கள் பேரையும் கூப்பிட்டு எல்லார் முன்னாலும் நீட்டுவார். வேண்டாம் என்று சொல்ல உங்களுக்கு வெட்கமாக இருக்கும். அந்தத் தைரியத்தில்தான் எழுதுகிறேன்.

எனக்கு ஒரு குறையும் இல்லை. பாண் சுடுகிற ஃபாக்டரியில் மாவு பிசையும் மெஷினில் நிற்கிறேன். வெளியே முழங்கால் வரை பனி, உள்ளே சட்டையைக் கழற்றிப் போடலாம் போல வெக்கை. இரும்புப் பெட்டி மாதிரி ஒரு அறையில் நம் நாட்டுப் பையன்கள் எல்லாரும் சேர்ந்து தூங்குகிறோம். மேல் கட்டிலில் வலப்பனைத் திலக்ஷன். அவன் குறட்டைக்கு இந்த நாட்டுப் பொலிஸே வர வேண்டும்.

நான் ரோமில் இருப்பதாக அப்பா லயம் பூராவும் சொல்லி வைத்திருக்கிறாராமே? கட்டுநாயக்காவில் கார்மெண்டுக்குப் போகிற நம் சித்தி மகள் ஷாமிலா போனில் சொல்லிச் சிரித்தாள். அப்பா சொன்னதில் கால்வாசி உண்மை இருக்கிறது. எங்கள் சூப்பர்வைசர் யுவானா என்று ஒரு பெண். அவளுக்கும் எனக்கும் அரைகுறை இங்கிலீஷ்தான். அதிலேயே சொன்னாள், இந்த நாட்டுப் பேருக்கே ‘ரோமன் ஆட்களின் நாடு’ என்றுதான் அர்த்தமாம். ஒரு காலத்தில் ரோமாபுரி ராஜா படையோடு வந்து பிடித்த இடமாம். படை போய்விட்டது, பேர் மட்டும் போகவில்லை. ஆனால் அக்கா, ரோமன் நாட்டில் நம் ரோமன் கத்தோலிக்கக் கோயில் கிடைப்பதுதான் அபூர்வம். இவர்கள் வேறு சபை. ஞாயிற்றுக்கிழமை நான் பூசைக்கு அலைந்த அலைச்சல் எனக்குத்தான் தெரியும்.

இன்னொரு கூத்து. கடைக்குப் போனால் காவல்காரன் என் பின்னாலேயே வருகிறான். என் நிறத்தைப் பார்த்து ‘ரோம்’ ஆள் என்று நினைத்தானாம். இங்கே எல்லாரும் ஒதுக்கி வைத்திருக்கிற ஒரு சனம் அது. அந்தப் பேருக்கும் ரோமாபுரிக்கும் ஒரு சம்பந்தமும் இல்லையாம். அவர்கள் பாஷையில் ஆம்பிளை என்று அர்த்தமாம். எத்தனையோ தலைமுறைக்கு முன்னால் இந்தியாவிலிருந்து வந்தவர்களாம். நம்மைப் போலத்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

லயத்தில் நம் வீடு, அந்தக் காம்பரா எப்படி இருக்கிறது? மழைக்கு ஒழுகுகிறதா? அப்பாவுக்குக் கால் வீக்கம் வற்றியதா? இரண்டு வரி எழுதுங்கள்.

உங்கள் தம்பி
ஜூட்சன்

•

மேல் டிவிசன், றொசல்ல
2023 பெப்ரவரி 12

ஜூட்சனுக்கு,

சேசுவுக்குத் தோத்திரம் என்று ஆரம்பிக்கச் சொல்லி அப்பா பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார். எனக்கு வாயில் வேறு வார்த்தைதான் வருகிறது.

காம்பரா எப்படி இருக்கிறது என்றா கேட்கிறாய்? உனக்கு வெட்கமாக இல்லையா? ஒரு காம்பரா குடும்பத்திடம் இருக்க வேண்டுமானால் அந்தக் குடும்பத்தில் ஒருவர் பேராவது தோட்டத்து வேலையாள் பதிவான செக்ரோலில் இருக்க வேண்டும். இது தோட்டத்தில் பிறந்த குழந்தைக்கும் தெரியும். அப்பா பென்சனில் வந்த பிறகு நம் காம்பராவுக்கு இருந்தது உன் பேர் ஒன்றுதான். நீ என்ன செய்தாய்? கொழும்புக்கு இன்டர்வியூவுக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு பிளேனில் ஏறிவிட்டாய். அடுத்த வாரமே கிளார்க் மாத்தயா வாசலில் வந்து நின்றார். “இந்தக் காம்பராவுல வேலைக்கி வர்ற ஆள் யாரு? பேர் இல்லாட்டி சாவியக் குடுங்க” என்றார். அப்பா என்னைப் பார்த்தார். அவர் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் முடியாது என்று சொல்லியிருப்பேன்.

ஹட்டன் நர்சரியில் நான் டீச்சராக இருந்தேன். பிள்ளைகள் என் சேலையைப் பிடித்துக்கொண்டு திரிவார்கள். இப்போது அதே கையில் கூடைக் கயிறு. கொழுந்து நிறை குறைந்தால் அரைப்பேர் போடுகிறார்கள், அரை நாள் சம்பளம். கூடக் கொழுந்தெடுக்கிற மீனம்மா அக்கா மலையில் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, “டீச்சரம்மாவுக்கே இன்னக்கி அரைப்பேர்தானாம்டி!” என்று சிரிக்கிறாள். அவள் சிரிப்பில் விஷம் இல்லை. எனக்குத்தான் வயிறு எரிகிறது.

வெளியே போகலாமே என்பாய். அம்மாவை இந்தத் தோட்டத்து மண்ணில் புதைத்திருக்கிறோம். அப்பா தடியை ஊன்றிக்கொண்டு தினமும் அங்கே போய் வருகிறார். அவரை எங்கே கூட்டிக்கொண்டு போவேன்? இந்தக் கதவுக்கு உள்ளே அவர், வெளியே மலை, நடுவில் நான். உனக்குப் பதிலாக என்னைக் கட்டிப் போட்டுவிட்டுப் போயிருக்கிறாய்.

ரோமன் கதையை எனக்கே சொல்கிறாயா? அதை நாம் தாய்ப்பாலோடு குடித்தவர்கள். தாத்தாவுக்கு எந்த நாட்டுக் குடியுரிமையும் இல்லாத காலத்தில் ஆபீசில் நீ எந்த நாட்டுக்காரன் என்று கேட்டால் “ரோமன்” என்பாராம். அங்கே இருந்தவர்கள் சிரிப்பார்களாம். கேட்டது நாட்டை, இவர் சொன்னது வேதத்தை. ஆனால் அவர் தெரியாமல் சொல்லவில்லை என்று அப்பா சாதிப்பார். வேதாகமத்தில் அப்போஸ்தலர் சின்னப்பரைக் கட்டிப் போட்டுச் சாட்டையை ஓங்கியபோது, “நான் ரோமன், என்னை விசாரிக்காமல் அடிக்கலாமா?” என்று அவர் கேட்டாரே, சேனாதிபதியே நடுங்கிப் போனானே, அந்த ரோமன் என்பார். ரோமக் குடியுரிமை சேனாதிபதி காசு கொடுத்து வாங்கியதாம். சின்னப்பருக்குப் பிறப்பிலேயே வந்ததாம். அதைச் சொல்லும்போது அப்பாவுடைய கூன் முதுகு நிமிர்வதை நீயும்தான் பார்த்திருக்கிறாய்.

அந்தப் பேரைச் சொன்னால் எனக்கு முழுப்பேர் போடுவார்களா என்று கேட்டுச் சொல்.

காம்பரா ஒழுகுகிறது.

பெற்றீசியா

•

ருமேனியா
2023 மார்ச் 12

அன்புள்ள அக்காவுக்கு,

நீங்கள் திட்டியதை நான்கைந்து தடவை வாசித்தேன். திட்டானாலும் நம் வீட்டுத் திட்டு. ஆனால் நீங்கள் மட்டும்தான் மாட்டிக்கொண்டதாக நினைக்கிறீர்கள். போன கடிதத்தில் குறை இல்லை என்று எழுதினேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தேன்.

வந்த அன்றே பாஸ்போர்ட்டைப் பத்திரமாக வைக்கிறேன் என்று ஃபோர்மன் வாங்கிக்கொண்டான். யானை வாயில் போன கரும்புதான். எங்கள் விசா இந்த ஒரு ஃபாக்டரிக்குத்தான். முதலாளி கையெழுத்துப் போட்டுக் கொடுக்காமல் வேறு எங்கேயும் வேலைக்குப் போக முடியாது. முதலாளியிடமே போய்க் கேட்டேன். அவன் என் தோளைத் தட்டிச் சிரித்துவிட்டுப் போனான். மெஷினில் விரல் போன ஒரு பையனை மறுநாளே பாக்கெட் கட்ட உட்கார வைத்தார்கள். கேட்டுக்கு வெளியே நாய், உள்ளே கேமரா. அக்கா, நான் தோட்டத்தை விட்டு ஓடியதே பேர் கூப்பிடுகிற சத்தம் பிடிக்காமல்தான். இங்கேயும் காலையில் வரிசையில் நிற்க வைத்துப் பேர் கூப்பிடுகிறார்கள்.

அன்றைக்குக் கோபத்தில் யுவானாவிடம், “நீங்கள் எல்லாம் ரோமன் ஆட்கள், ராஜா வீட்டுப் பிள்ளைகள், எங்கள் கஷ்டம் எங்கே தெரியப் போகிறது!” என்று கத்திவிட்டேன். அவளுக்கும் கோபம் வந்துவிட்டது. எங்களுக்குத் தெரியாதா என்று ஆரம்பித்தாள். முந்நூறு நானூறு வருஷத்துக்கு முன்னால் இந்தப் பக்கத்தில் அதே ரோமன் என்ற பேரை, கொஞ்சம் வாய் மாற்றி, நிலத்தோடு கட்டிப் போட்ட குடியானவனுக்குத்தான் சொல்வார்களாம். எஜமான் விடாமல் அவன் ஊரை விட்டு நகர முடியாதாம். நிலத்தை விற்றால் அவனும் பெண்டாட்டி பிள்ளைகளும் சேர்ந்தே விலை போவார்களாம். அவளுடைய முன்னோர்களும் அப்படித்தானாம்.

அன்று முழுக்க எனக்கு மாவில் கை ஓடவில்லை. ஒரு பேர் எங்கே தொடங்கி எங்கே வந்து விழுந்திருக்கிறது பாருங்கள். சின்னப்பர் முதுகில் சாட்டை விழாமல் தடுத்த பேர், இங்கே சாட்டையடி வாங்குகிறவனுடைய பேராகிவிட்டது. தாத்தா ஆபீசில் சொன்னது எந்த ரோமன் என்று அப்பாவிடம் கேளுங்கள்.

இப்போது முக்கியமான விஷயம். அப்பாவிடம் சொல்லாதீர்கள். திலக்ஷன் ஒரு வழி பிடித்திருக்கிறான். பலகை ஏற்றுகிற லொறியில் நடுவில் ஒரு பெட்டி அளவுக்கு இடம் விட்டு அடுக்குவார்களாம். அதற்குள் படுத்துக்கொண்டால் ஹங்கேரி எல்லையைத் தாண்டி இத்தாலி வரை போய்விடலாமாம். ஈஸ்டர் முடிந்து மே மாதம் புறப்பாடு. லொறிக்காரனுக்குக் காசு கொடுக்கப் போனையும் விற்றுவிட்டேன். அப்பா ஊருக்குச் சொன்ன பொய்யை மெய்யாக்கிவிடுகிறேன். நிஜமான ரோமுக்கே போகிறேன்.

பயமாகத்தான் இருக்கிறது. போன வருஷம் இப்படிப் போன ஒருவன் மூச்சு முட்டிச் செத்ததாகக் கதை உண்டு. ஆனால் இங்கே இருக்கவும் முடியாது, அங்கே வரவும் முடியாது. வந்தால் என்ன? பேரைப் போடு, காம்பராவில் உட்கார். ஒரு கட்டை அவிழ்த்து இன்னொரு கட்டில் கையை நீட்டவா வருவேன்?

ஜெபத்தில் நினைத்துக்கொள்ளுங்கள்.

ஜூட்சன்

•

மேல் டிவிசன், றொசல்ல
2023 ஏப்ரல் 18

என் தம்பி ஜூட்சனுக்கு,

உன் கடிதம் பெரிய வியாழன் அன்றுதான் கைக்கு வந்தது. ஆபீசில் எத்தனை நாள் கிடந்ததோ! போனில் உன்னைத் திறந்து விட்டு அடித்து அடித்துப் பார்த்தேன். யாரோ ஒருவன் எடுத்து அவன் பாஷையில் ஏதோ சொல்லி வைத்துவிட்டான். நான் அடைத்து வைத்திருந்த நாளெல்லாம் உன் கையில் போன் இருந்ததே என்று மலையிலேயே உட்கார்ந்து அழுதேன்.

போகாதே. முதலில் அதை எழுதிவிடுகிறேன். லொறியில் ஏறாதே.

நீ சொல்லாதே என்றாய். சொல்லிவிட்டேன். பெரிய வெள்ளி அன்று சிலுவைப் பாதை முடிந்து வரும் வழியில் அப்பாவைக் கல்லில் உட்கார வைத்து, “ஜூட்சன் ரோமுல இல்லப்பா, அது வேற நாடு” என்று ஆரம்பித்தேன். அப்பா தலையை ஆட்டினார். “தெரியும். அவன் கெளம்பிப் போன அந்த வாரமே கோயில் ஃபாதர்கிட்ட கேட்டுட்டேன்” என்றார். பிறகு ஏன் ஊரெல்லாம் அப்படிச் சொன்னீர்கள் என்று கேட்டேன்.

“ஆபீசுல ‘சூசைரட்ணம், ஒன் மகன் ஓடிட்டானாமே’ன்னாங்க. ஓடுனவன்னு பேர் வந்துட்டா அப்பறம் திரும்பி வர மாட்டான்மா. அதான் ரோமுக்குப் போயிருக்கான்னு சொன்னேன்” என்றார்.

லொறி விஷயத்தை அதற்குப் பிறகுதான் சொன்னேன். அப்பா தடியால் மண்ணைக் கீறிக்கொண்டே சொன்னார். அவர் சொன்னபடியே எழுதுகிறேன்.

“சின்னப்பர் ரோமனாத்தான் பொறந்தாரு. அப்ப அவரு ரோமக் கண்ணால கண்டதுகூட இல்ல. கடைசியா ரோமுக்குப் போனாரே, எப்பிடிப் போனாரு? கைதியாப் போனாரு. கப்பல் ஒடஞ்சு, கடல்ல தத்தளிச்சுப் போனாரு. போன எடத்துல தலைய வெட்டிட்டாங்க. எம்புள்ள அப்பிடி ரோமுக்குப் போக வேணாம். நான் ரோமன்னு சொல்றதுக்கு அங்கன போகணும்னு இல்ல.”

நீ எழுதிய மற்ற ரோமனையும் சொன்னேன், நிலத்தோடு விலை போகிறவனை. “எங்கப்பன் ரெண்டு ரோமனாவும் இருந்தாரு” என்றார். சொல்லிவிட்டுத் துண்டால் கண்ணைத் துடைத்தார். அப்பா அழுது நான் இதற்கு முன் பார்த்தது அம்மா செத்தபோதுதான்.

வீட்டுக்கு வந்ததும் நல்ல வேட்டியைத் துவைத்து வைக்கச் சொன்னார். திங்கட்கிழமை ஆபீசுக்குப் போக வேண்டும் என்றார். எதற்கு என்று கேட்டேன். “ஒம் பேர வெட்டச் சொல்லத்தான். அவன் திரும்பி வர மாட்டேங்குறது என்னாலயோ ஒன்னாலயோ இல்ல, இந்தக் காம்பராவால. இத வச்சுக்கிட்டு ஒன்னயும் கட்டி, அவனயும் வெரட்டி நான் என்ன செய்யப் போறேன்?” அம்மாவின் கல்லறை என்று இழுத்தேன். “அவ எங்கயும் போக மாட்டா. பஸ் புடிச்சுப் போய்ப் பாத்துக்கலாம்” என்றார்.

போனோம். பேரை வெட்டுங்கள் என்றதும் கிளார்க் மாத்தயா நம்பவில்லை. இரண்டு தரம் கேட்டார். “காம்பரா?” என்றார். “வச்சுக்கங்க” என்றார் அப்பா. நான் கையெழுத்துப் போட்டேன். அப்போது எனக்கு வந்தது சந்தோஷமா பயமா என்று இன்னும் தெரியவில்லை.

ஹட்டனில் தையல் கடைக்குப் பின்னால் ஒரு அறை கிடைத்திருக்கிறது. நர்சரியில் என் இடத்துக்கு வேறு டீச்சர் வந்துவிட்டாள். உதவிக்கு வேண்டுமானால் வா என்றார்கள், பிள்ளைகளுக்கு மூக்குத் துடைத்து விடுகிற வேலை. போகிறேன். அடுத்த மாத முதல் வாரத்தில் சாவியைக் கொடுக்க வேண்டும்.

தம்பி, நீ ஓடியதை நான் மன்னித்துவிட்டேன் என்று எழுத மாட்டேன். கோபம் இன்னும் இருக்கிறது. நேரில் வந்தால் நன்றாகத் திட்டுவேன். ஆனால் இங்கே உன்னைக் கட்டிப் போட இனி ஒன்றும் இல்லை. பேர் போடச் சொல்ல ஆள் இல்லை, காக்க வேண்டிய காம்பரா இல்லை. அதனால் வா.

அக்கா
பெற்றீசியா

•

எல்லைத் தடுப்பு நிலையம், ருமேனியா
2023 மே 14

அன்புள்ள அக்காவுக்கு,

உயிரோடு இருக்கிறேன். பிடிபட்டுவிட்டேன்.

உங்கள் பதில் வரும் என்று ஏப்ரல் பூராவும் பார்த்தேன். வரவில்லை. இன்னும் கோபம் தீரவில்லை என்று நினைத்துக்கொண்டு லொறியில் ஏறிவிட்டேன். பலகைக்கு நடுவில் ஒரு குழி. உள்ளே நானும் திலக்ஷனும். மேலேயும் பலகை போட்டு மூடிவிட்டார்கள். முட்டியை மடக்கினால் நீட்ட முடியாது. கொஞ்ச நேரத்தில் திலக்ஷன் வாயைத் திறந்து திறந்து மூடினான், சத்தம் வரவில்லை. நான்தான் பலகையை உதைத்துக் கத்தினேன். எல்லையில் நாய் குரைத்தது. பிடிபடட்டும் என்று நானே உதைத்தேன் அக்கா. திலக்ஷன் ஆஸ்பத்திரியில் இருக்கிறான், பிழைத்துக்கொள்வான் என்கிறார்கள்.

விசாரித்த பொலிஸ்காரன் சின்னப் பையன். நாடு எழுதினான், பேர் எழுதினான். மதம் என்ன என்று கேட்டான். ரோமன் கத்தோலிக்கன் என்றேன். கைவிலங்கு போட்டிருந்தது. சின்னப்பரை நினைத்துக்கொண்டு கொஞ்சம் நிமிர்ந்துதான் சொன்னேன். அவன் தலையைத் தூக்கவில்லை. எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டான். அந்தப் பேரைச் சொன்னால் ஒன்றும் ஆகாது என்று எனக்கும் தெரியும். ஆனாலும் அடிவயிற்றில் எங்கேயோ ஒரு எதிர்பார்ப்பு இருந்திருக்கிறது.

ஜூன் நடுவில் எங்களை நாட்டுக்கு அனுப்பிவிடுவார்களாம். அதுவரை கம்பி ஜன்னல்தான்.

அந்த இருட்டுக்குள் நான் ரோமை நினைக்கவில்லை. நம் காம்பராக் கதவைத்தான் நினைத்துக்கொண்டே இருந்தேன். அடியில் கறையான் அரித்து, அப்பா தகரம் அடித்து வைத்தாரே, அந்தக் கதவு. திறந்தால் அப்பா, அடுப்புப் புகை, நீங்கள். அப்போது ஒரு முடிவுக்கு வந்தேன். நான் வருகிறேன். வந்து என் பேரைப் போட்டுக்கொள்கிறேன். மண்வெட்டி வேலையோ மருந்தடிக்கிற வேலையோ எதைக் கொடுத்தாலும் சரி. நீங்கள் ஹட்டனுக்குப் போய்த் திரும்ப டீச்சராக இருங்கள். இனி நான் அங்கே கட்டுப்பட்டுக் கிடக்கிறேன்.

அதுவரைக்கும் காம்பராவை மட்டும் விட்டுவிடாதீர்கள். இங்கே திரும்பிப் போகும் இடம் எது என்று கேட்டபோது அதைத்தான் எழுதிக் கொடுத்தேன். எனக்கென்று இருக்கிற விலாசம் அது ஒன்றுதான்.

ஜூட்சன்

•

ஹட்டன்
2023 ஜூன் 5

என் தம்பி ஜூட்சனுக்கு,

கந்தப்பன் கங்காணி உன் கடிதத்தைச் சட்டைப்பைக்குள் வைத்து பஸ் ஏறிக் கொண்டுவந்து கொடுத்தார். பழக்கத்தில் பெரட்டுக்களத்தில் என் பேரைக் கூப்பிட்டாராம். யாரும் பதில் சொல்லவில்லையாம். மீனம்மா அக்காதான், “அவுங்க இல்லையே கங்காணி” என்று சொன்னாளாம்.

ஏப்ரலில் நான் எழுதியது உனக்குக் கிடைக்கவில்லை என்று தெரிகிறது. அதில் பக்கம் பக்கமாக எழுதியதை இப்போது ஒரே வரியில் சொல்கிறேன். காம்பராவைக் கொடுத்துவிட்டோம்.

உன் கடிதத்தை அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். விலாசம் என்று நீ எழுதியிருந்த இடத்தை இரண்டு தடவை வாசித்தேன். அங்கே இப்போது வேறு குடும்பம் இருக்கிறது. கதவுக்குப் பச்சைப் பெயிண்ட் அடித்துவிட்டார்களாம். நீ நினைத்துக்கொண்டு கிடந்த கதவை, நீ நினைத்துக்கொண்டு கிடந்த அதே நாட்களில், நான் கையால் பூட்டிச் சாவியைக் கொடுத்திருக்கிறேன். உன்னை விடுவிக்கத்தான் செய்தேன். சரியா தப்பா என்று நீயே வந்து சொல்.

இந்த அறையும் பெரிய சொர்க்கம் இல்லை. ஜன்னல் கிடையாது. தையல் மெஷின் சத்தம் ஓயாது. நீ வந்தால் வாசற்படியில் தலை வைத்துத்தான் படுக்க வேண்டும். வாடகை கொடுக்காவிட்டால் இங்கிருந்தும் போகச் சொல்வார்கள். அப்பா சில நாள் எழுந்ததும் தடியை எடுத்துக்கொண்டு அம்மாவைப் பார்க்கப் புறப்பட்டு, கதவு வரை வந்து, இது ஹட்டன் என்று ஞாபகம் வந்து நின்றுவிடுகிறார். அப்போது என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடிவதில்லை.

ஆனால் இந்தக் கதவுக்கு ஒரு நம்பர் இருக்கிறது. தோட்டத்துப் பேர், டிவிசன் பேர் ஒன்றும் எழுத வேண்டாம். எழுதினால் தபால்காரர் நேரே இங்கே வருகிறார். உறையின் பின்பக்கம் எழுதியிருக்கிறேன். திரும்பிப் போகும் இடம் எது என்று இன்னொரு தடவை கேட்டால் இதைச் சொல். நீ புறப்பட்ட பிறகு இது வந்து சேர்ந்தாலும் பரவாயில்லை. இதையே இன்னொரு தாளில் எழுதி ஷாமிலாவிடம் கொடுத்திருக்கிறேன். அவள் கட்டுநாயக்கா ஏர்போர்ட்டில் உனக்காக வந்து நிற்பாள்.

அப்பா வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார். தையல் கடைக்கு வருகிறவர்கள் நீங்கள் என்ன ஆட்கள் என்று கேட்டால், “நாங்க ரோமன்” என்கிறார். மகன் எங்கே என்று கேட்டால் முன்பெல்லாம் ரோமில் என்பாரே, இப்போது அப்படிச் சொல்வதில்லை.

“வந்துக்கிட்டு இருக்கான்” என்கிறார்.

அக்கா
பெற்றீசியா